நான்கு அங்குலம்

என் அப்பா 26 வருடம் அரசுப் பேருந்து ஓட்டினார். அதில் ஏழெட்டு வருடம் நைட் ஹால்ட் வண்டி. கடைசி டிரிப் முடிந்து ஏதாவது ஒரு மலையூரின் மரத்தடியில் நிறுத்தினால், விடிகாலை முதல் டிரிப் எடுக்கும்வரை அந்தப் பேருந்துதான் வீடு. பின்வரிசை நீள இருக்கை ஓட்டுநருக்கு. நடத்துநர் பணப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நடைபாதையில் ஜமக்காளம் விரித்துவிடுவார். மார்கழிக் குளிரில் மட்டும் ஏற்பாடு மாறும். இருவரும் முன்னால் வந்து இஞ்சின் மூடியை ஒட்டிப் படுப்பார்களாம். பத்து, பதினொரு மணிவரை அதில் சூடு தங்கியிருக்கும். அதற்குள் தூங்கிவிட வேண்டும்.

வண்டியில் படுத்து உறங்குவது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமென்றால் அது அவருக்குத்தான். என் டஸ்டர் காரின் பின்பக்கத்தில், அடியில் இழுப்பறை வைத்து ஒரு படுக்கை மேடை செய்யப் போகிறேன் என்று சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"படுத்தால் புரள முடியுமா, கண்ணு?"

நான் கட்டம் போட்ட தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். "அதெல்லாம் முடியும் அப்பா" என்று நிமிராமலே சொன்னேன். அந்தக் கேள்வியின் விலை இரண்டரை பிளைவுட் பலகை என்று அப்போது தெரியாது.

முதலில் இந்தக் கிறுக்கு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மகள் மைசூரில் படிக்கிறாள். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எங்களுக்குக் குறுக்கு வழி சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், சாம்ராஜ்நகர். புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை. காட்டு விலங்குகள் இரவில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு இரவுத் தடை கண்டிப்பாக அமலுக்கு வந்தது. எங்களைப் போன்ற கார்க்காரர்களுக்கு இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணிவரை மலைப்பாதை கிடையாது. நியாயமான தடை, எனக்கு அதில் புகார் ஒன்றுமில்லை. கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிப் பண்ணாரிக்கு ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்கிற என் வழக்கத்தில்தான் கோளாறு. சத்தியமங்கலத்துக்குத் திரும்பிப் போய் அறை எடுக்கலாம். ஆனால் எட்டு மணி நேரத்துக்காக அறை எடுத்து, நான்கரைக்கு அலாரம் வைத்து எழுந்து, மறுபடி வந்து வரிசையில் நிற்பதற்கு, முன் இருக்கையைச் சாய்த்துக் கிடப்பதே மேல் என்று தோன்றும். அப்படி ஐந்தாறு இரவுகள் கிடந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

டஸ்டர் ஒரகடத்தில் தயாரான வண்டி. 2012இல் சந்தைக்கு வந்தது. என்னுடையது அதற்கு இரண்டு வருடம் பிந்தியது. நீளம் 4,315 மில்லிமீட்டர். இது பெரிய வண்டி இல்லை, ஆனால் ஐந்து பேருக்கான இருக்கைகள் மட்டுமே இருப்பதால் டிக்கி தாராளம், 475 லிட்டர். பின் இருக்கையின் முதுகை முன்னால் மடக்கிவிட்டு, முன் இருக்கைகளை முடிந்த மட்டும் முன்னே தள்ளினால், பின்கதவிலிருந்து என் டேப்பில் 69 அங்குலம் வந்தது. நான் ஐந்தடி எட்டு. அதாவது 68. அந்த ஓர் அங்குல உபரியைப் பார்த்ததும் ஏதோ சொத்து சேர்ந்ததுபோல இருந்தது. அகலம், பின்சக்கரங்களுக்கு மேல் புடைத்திருக்கும் பகுதிகளுக்கு நடுவே, 39 அங்குலம். இரண்டு பேர் என்றால் முதுகோடு முதுகு ஒட்டித்தான். டிக்கித் தரையிலிருந்து கூரைத் துணிவரை நடுவில் 36. ஓரங்களில் கூரை வளைந்து இறங்குவதால் இரண்டு மூன்று அங்குலம் குறையும்.

இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டால் இன்னும் இடம் கிடைக்கும் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. மீறினால் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோகூட வரலாம். ஐந்து இருக்கை என்று பதிவான வண்டியில் ஐந்து இருக்கை இருக்க வேண்டும். ஆகவே என் மேடைக்கு நான் போட்ட முதல் விதி: ஓர் இருக்கையும் கழலாது, தரையில் ஒரு துளையும் விழாது, இரண்டு பேர் அரை மணி நேரத்தில் மொத்தத்தையும் வெளியே எடுத்து வைக்க முடிய வேண்டும். தரையில் துளை கூடாது என்பதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. அந்தத் தகட்டுக்கு அடியில் எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், கம்பிகள் எல்லாம் போகின்றன. டிரில்லரைக் கையில் எடுத்தவனுக்கு அவை தெரியாது.

எங்கள் தெருத் தச்சர் நாற்பது வருடமாகக் கதவு, ஜன்னல், அலமாரி செய்கிறவர். கை சுத்தம். வண்டிக்குள் தலையை நுழைத்து, மூலைமட்டத்தை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தார். இன்னோரிடத்தில் வைத்தார். பிறகு வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்.

"தம்பி, இதற்குள் ஒரு மூலைகூட மூலையாக இல்லையே."

அது உண்மைதான். பக்கச் சுவர் என்று பார்த்தால் பிளாஸ்டிக் பலகை ஓரிடத்தில் உள்வாங்குகிறது, ஓரிடத்தில் பிதுங்குகிறது. தரை பின்கதவை நோக்கிச் சற்றே சரிகிறது. வீட்டுச் சுவரில் அரை அங்குலம் கோணல் இருந்தால் சிமென்ட் பூசிச் சரிசெய்யலாம். இங்கே பலகையைத்தான் கோணலாக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வாங்கி வந்து, கத்தரித்து, ஒட்டி, மறுபடி கத்தரித்து, வண்டியின் உள்வடிவத்துக்கு அச்சு எடுத்தோம். இந்த வேலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. அந்த அட்டை அச்சை இன்னும் பரணில் வைத்திருக்கிறேன். மொத்த வேலையில் முதல் தடவையே சரியாக அமைந்தது அது ஒன்றுதான்.

பலகை வாங்கும்போது ஒரு சொல்: எட்டுக்கு நாலு அடி பிளைவுட் எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது சாதாரண ரகம். அதிலேயே ஈரப்பதம் தாங்கும் வகை, அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் வகை என்று உட்பிரிவுகள் உண்டு. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். மூடிய காருக்குள் பகலில் வெந்து இரவில் மூச்சுக்காற்றில் நனைகிற பலகைக்கு நான் 710தான் எடுத்தேன். அதில் மட்டும் தப்புச் செய்யவில்லை.

தப்பு உயரத்தில்.

என்னிடம் பத்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று இருந்தது. அது நின்றபடி இழுப்பறைக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஏன் நின்றபடி என்று இப்போது என்னைக் கேட்டால் பதில் இல்லை. கட்டத் தாளில் அது நின்றபடிதான் அழகாக இருந்தது. கேனுக்கு இடம், அதற்கு மேல் கை நுழைய இடம், இழுப்பறையின் அடிப்பலகை, மேல்பலகை எல்லாம் சேர்ந்து பெட்டி 12 அங்குல உயரமாயிற்று. மடக்கிய பின் இருக்கை டிக்கித் தரையிலிருந்து 8 அங்குலம்தான் உயர்ந்திருந்தது. ஆகவே முன்பாதி மேடைக்கும் கால் வைத்து நான்கு அங்குலம் தூக்க வேண்டியதாயிற்று. எல்லாம் 18 மில்லிமீட்டர் பலகை. வீட்டு அலமாரி செய்கிறவரிடம் போனால் அவர் கை அந்தக் கனத்துக்குத்தான் போகும். நானும் "கனமாக இருந்தால் உறுதி" என்று தலையாட்டினேன். இழுப்பறைகளுக்கு உருளைக் குண்டு வைத்த டெலஸ்கோப்பிக் சேனல். ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். தெருவில் வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் அதைத் திறந்து மூடிக் காட்டினேன். மேலே நான்கு அங்குல ஸ்பாஞ்ச் மெத்தை, மெரூன் ரெக்சின் உறை.

பழைய இரும்புக் கடைத் தராசில் பிறகு ஒருநாள் எடை போட்டுப் பார்த்தபோது மெத்தை இல்லாமல் 71 கிலோ இருந்தது.

முதல் பயணத்துக்கு அப்பாவும் வந்தார், பேத்தியைப் பார்க்க. வழக்கம்போல ஒன்பதைத் தாண்டிவிட்டது. பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் பக்கத்து வெளியில் லாரிகளுக்கு நடுவே நிறுத்தினோம். பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஊர்ந்து ஏறி மல்லாந்து படுத்தோம். மூக்குக்கு மேல் கூரைத் துணியின் நூல் இழை தெரிந்தது. ரயிலில் நடு பெர்த்தில் படுத்திருப்பவர்களுக்கு ஓரளவு புரியும். ஆனால் நடு பெர்த் இதற்கு அரண்மனை.

36இல் 12 போனால் 24. மெத்தை 4 போனால் 20. ஓரத்தில் கூரை வளைவதால் 17. ஒரு வளர்ந்த ஆளின் தோள் அகலம் ஏறத்தாழ 18 அங்குலம். மல்லாந்து படுத்திருக்கும்வரை இது கணக்கில் வராது. ஒருக்களித்துத் திரும்பும்போதுதான் அந்த 18 அங்குலமும் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. நான் இடப்பக்கம் திரும்ப முயன்றேன். தோள் கூரையில் முட்டியது. உடம்பைக் கூரைக்கும் மெத்தைக்கும் நடுவே பிழிந்து எடுத்தால் திரும்பலாம். அப்போது பக்கத்தில் இருப்பவரும் விழித்துக்கொள்வார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிவாக்கில் கால்பக்கமாக நழுவி, முன் இருக்கைகளுக்கு நடுவே 74 வயது உடம்பை எப்படியோ நுழைத்து, ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விட்டார். ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் குறட்டை விட்டார். நான் அவ்வளவு பெரிய மேடையில் தனியாகக் கிடந்தேன். தனியாகக் கிடந்தும் புரள முடியவில்லை.

காலையில் ஆறு மணிக்குப் பாதை திறந்தது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். இரண்டாவதில் இன்னொன்று. ஏற்றத்தில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஒரு விரலுக்கு ஓடுகிற இழுப்பறைகள், அரிசியும் பாத்திரமும் தண்ணீரும் ஏற்றியவை, பின்கதவின் மேல் போய் மோதிக்கொண்டு வந்தன. காட்டுக்குள் நிறுத்தக் கூடாது. ஆசனூர் போகும்வரை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். அங்கே டீக்கடைக்கு எதிரே ஏற்றமாக நிறுத்திவிட்டுப் பின்கதவைத் தூக்கினேன். அடுத்த கணம் வலதுபக்க இழுப்பறை என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்து விழுந்தது. இன்றும் அந்த இடத்தில் ஒரு கறுத்த தழும்பு இருக்கிறது. டீக்கடைக்காரர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "நல்ல வழுக்கல்" என்றார். பாராட்டா, அனுதாபமா என்று இன்னும் தெரியவில்லை.

சேனலில் எந்தக் குறையும் இல்லை. அது சமையலறைக்குப் பிறந்தது. சமையலறை மலை ஏறுவதில்லை.

திரும்பி வந்ததும் அப்பா தன் பழைய சிநேகிதர் ஒருவரிடம் என்னை அழைத்துப் போனார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கரூரைச் சொன்னால் பலருக்குக் கைத்தறிப் போர்வையும் திரைச்சீலையும்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில்தான் வெறும் சேஸிஸாக வந்து பஸ்ஸாக வெளியேறுகிற வண்டிகளும் இருக்கின்றன. பெரியவர் என் மேடையைச் சுற்றி வந்தார். குனிந்து, பலகையின் விளிம்பில் இறங்கியிருந்த ஒரு திருகாணியை நகத்தால் சுரண்டினார். ஆணி ஆடியது. ஒரே ஒரு பயணத்துக்கே.

பிளைவுட்டின் முகத்தில் திருகாணி பிடிக்கும், விளிம்பில் பிடிக்காது. அங்கே அது இரண்டு ஏடுகளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். வீட்டில் அசைவு இல்லாததால் அது பல வருடம் தாங்கும். ஓடுகிற வண்டியில் ஒவ்வொரு குழியும் அந்த ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறது. மூலைகளுக்கு அலுமினிய ஆங்கிள் வைத்து, ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, அகன்ற வாஷர் கொடுத்து, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டால் இறுக்கச் சொன்னார். சாதாரண நட்டு அதிர்வில் கழன்றுவிடும். நைலான் வளையம் மரையைக் கவ்விக்கொள்ளும்.

பிறகு பின் இருக்கையின் முதுகை மடக்கி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே டிக்கிப் பக்கமாக நீட்டிக் காட்டினார்.

"வண்டி செய்தவன் உனக்கு உயரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டான் அப்பா. நீ எதற்கு அதற்கு மேலே போகிறாய்?"

எட்டு அங்குலம். மடக்கிய இருக்கையின் உயரமே மேடையின் உயரம். முன்பாதிக்குக் கால்களும் பெட்டியும் தேவையே இல்லை, ஒரு பலகை போதும். வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் தாளில் கட்டம் போட்ட எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்றால், நான் இழுப்பறையிலிருந்து ஆரம்பித்திருந்தேன். கேன், அடுப்பு, அரிசி டப்பா, கயிறு, துணிமணி எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருந்த காற்றில் இரண்டு மனிதர்களைச் செருகியிருந்தேன். கேனுக்கு நிற்க இடம் கிடைத்தது, எனக்குப் புரள இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது மேடையைத் தச்சரும் நானும் சேர்ந்தே செய்தோம். முதல் மேடையை என்ன செய்வது என்ற கேள்வியை அப்பாவே தீர்த்துவிட்டார். இரண்டு இழுப்பறையோடு அது இப்போது வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, மெரூன் ரெக்சின் மெத்தையோடு. மத்தியானம் அதில்தான் படுக்கிறார். திண்ணைக்குக் கூரை உயரம்.

இந்த முறை மேல்பலகை 12 மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் ஒரு முழுப் பலகை ஏறத்தாழ 25 கிலோ. 18 என்றால் 37. 39 அங்குல அகலத்துக்கு 12 மில்லிமீட்டர் நடுவில் தொய்யும் என்று தச்சர் பயந்தார். இரண்டு இழுப்பறைகளுக்கும் நடுவே வருகிற தடுப்பே அதற்கு முதுகெலும்பாகிவிட்டது. மேல்பலகையில் அரையடிக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளைகள் போட்டோம். முதல் பயணத்தில் மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாகியிருந்தது. உடம்புச் சூட்டில் எழும் ஈரம் கீழே இறங்கி, குளிர்ந்த பலகையில் பட்டுத் தங்கிவிடுகிறது. ஒரு மழைக்காலம் போனால் பூஞ்சை பூத்துவிடும். துளை போட்டால் பலகை மூச்சு விடும், எடையும் கொஞ்சம் குறையும். மெத்தை இரண்டு அங்குலம்தான், ஆனால் அடர்த்தியான ஃபோம். நான்கு அங்குலச் சாதாரண ஸ்பாஞ்சில் படுத்தால் அது அமுங்கி எப்படியும் ஒன்றரையாகிவிடுகிறது. மிச்ச உயரம் வெறும் பாவனை. ஃபோமுக்கு மேல் பவானி ஜமக்காளம். பக்கத்து ஊர்ச் சரக்கு என்பதால் சொல்லவில்லை. ரெக்சினைப் போல முதுகில் ஒட்டாது, உதறினால் மண் போய்விடும்.

முன் இருக்கைக்கும் மடக்கிய பின் இருக்கைக்கும் நடுவே, கால் வைக்கும் பள்ளத்துக்கு மேல் ஒரு மடிப்புப் பலகை, நீளக் கீலில். பகலில் பின்னால் மடிந்து கிடக்கும், இரவில் முன்னால் விரியும். அந்தப் பள்ளத்தில்தான் இப்போது தண்ணீர்க் கேன் இருக்கிறது. நின்றபடி. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் அதன் பக்கத்திலேயே. பஞ்சரான இரவில் மெத்தை, இழுப்பறை எல்லாவற்றையும் சாலையோரம் இறக்கிவைத்து ஜாக்கி தேடுகிற கொடுமை வேண்டாம்.

இழுப்பறைக்குச் சேனலே வேண்டாம் என்றேன். தச்சருக்கு இதில் ஒரு சந்தோஷம். சேனல் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் தின்னும், ஓர் இழுப்பறைக்கு ஓர் அங்குலம். போதாததற்குக் குண்டுகளுக்கு நடுவே செம்மண் புகுந்தால் நறநறவென்று அரைக்கும். "என் அப்பா காலத்து மேசைக்கு என்ன சேனல் இருந்தது?" என்று கேட்டுவிட்டு, ஒன்பது மில்லிமீட்டர் பலகையில் பழைய பாணி இழுப்பறை இரண்டு செய்தார். உள்தரையில் மைக்கா ஒட்டி, இழுப்பறையின் அடியில் இரண்டு நைலான் பட்டை. பட்டையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் போதும். இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும், அதுதான் தேவையும். முழுதாகக் கையோடு வந்துவிடாமல் பின்னால் ஒரு தடை. முகப்பில் ஆளுக்கொரு தாழ்ப்பாள். அது கடகடக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே வைத்தோம்.

பெட்டியை வண்டியோடு பிணைப்பதில் நான் கஞ்சத்தனம் காட்டவில்லை. மோதலில் கட்டப்படாத பெட்டி முன்னால் இருப்பவரின் முதுகை நோக்கித்தான் வரும். டிக்கித் தரையில் சாமான் கட்டுவதற்கென்று வந்த வளையங்களில் இரும்புக் கொக்கி, திருகி இறுக்கும் கம்பி. வாரம் ஒருமுறை கையால் தட்டிப் பார்ப்பேன், தளர்ந்தால் ஒரு சுற்று. தராசில் இந்த மேடை 37 கிலோ. செலவு மெத்தையோடு, கூலியோடு 15,000 ரூபாய்க்குள். முதல் மேடையின் செலவைக் கேட்காதீர்கள். வீட்டில் வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

பூட்டி முடித்து ஓட்டினால், கிறீச் என்று ஒரு சத்தம். சின்னதுதான். ஆனால் கேட்க ஆரம்பித்துவிட்டால் வேறெதுவும் கேட்காது. இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். மெத்தையை எடுத்துவிட்டு வெறும் பலகையில் குப்புறப் படுத்து, காதைப் பலகையில் வைத்துக்கொண்டார். "கீழ்பவானி வாய்க்கால் கரை வழியாகப் போ. இரண்டாவது கியர். பிரேக் போடாதே." போனேன். கண்ணாடியில் அவர் வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. கையை நீட்டி ஒவ்வொரு மூட்டாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அழுத்தியதும் சத்தம் நின்றது. விரலை எடுத்தார், வந்தது. மறுபடி அழுத்தினார், நின்றது. "இங்கே" என்றார். பெட்டியின் இடது மூலை வண்டியின் பிளாஸ்டிக்கில் ஒரு நகக்கண் அளவுக்கு உரசிக்கொண்டிருந்தது. வண்டி நின்றிருக்கும்போது அந்த உரசல் இல்லை. ஓடும்போது உடம்பு முறுக்கிக்கொள்ளும்போதுதான் வருகிறது. அங்கே பழைய கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டினோம். 26 வருடத்தில் எத்தனை பஸ்ஸின் சத்தத்தை இப்படிப் பிடித்திருப்பார் என்று கேட்டேன். "டெப்போவில் எழுதிக் கொடுப்பேன். சரிசெய்ய மாட்டார்கள். அதனால் நானே ஏதாவது சொருகி வைப்பேன்" என்றார்.

கார்த்திகை மாதம் மறுபடி பண்ணாரி. இந்த முறை அப்பா சொன்னபடி நிறுத்தினேன்: சமதளம் கிடைக்காவிட்டால் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், பக்கவாட்டுச் சரிவு அறவே கூடாது. பக்கவாட்டுச் சரிவில் இரவு முழுதும் ஒருவர் மேல் ஒருவர் உருண்டுகொண்டிருப்பார்கள். பின்ஜன்னல்கள் இரண்டிலும் கொசுவலை. விளிம்பில் சின்னக் காந்தங்களை வைத்துத் தைத்தது. கதவின் இரும்புச் சட்டத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இறக்கி வைத்தோம். முழுக்க மூடினால் இரண்டு பேரின் மூச்சும் விடிவதற்குள் கண்ணாடியில் நீராக வழியும்.

பக்கத்தில் ஒரு காரில் இஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டு ஒரு குடும்பம் தூங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. எனக்கு இதில் மட்டும் வாயை அடக்கத் தெரியாது. போய்க் கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன். நின்ற வண்டியில் இஞ்சின் ஓடினால் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியலாம். நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அதே காரணத்துக்காக அடுப்பையும் உள்ளே வைத்துப் பற்றவைக்கக் கூடாது. அந்த மனிதர் முதலில் முறைத்தார், பிறகு அணைத்துவிட்டார். குழந்தை அழ ஆரம்பித்தது. கொசுவலைக்கு ஓர் உபரித் துண்டு இருந்தது, கொடுத்துவிட்டு வந்தேன்.

லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். தக்காளிக் குழம்பு வாசனை. எங்களைப் பார்த்து ஒரு கிளீனர் பையன் வந்து இழுப்பறையை இழுத்துப் பார்த்தான். "எங்கள் கேபினில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கை உண்டு. ஆனால் பெட்டி இல்லை" என்றான், கொஞ்சம் பொறாமையோடு. பிறகு மேடையையும் கூரையையும் கண்ணால் அளந்துவிட்டு, "உட்கார முடியாதே?" என்றான். முடியாதுதான். கூரைக்கு 26 அங்குலம் இருக்கிறது. முழங்கையை ஊன்றி ஒரு டம்ளர் டீ குடிக்கலாம். சட்டை மாற்றுவது படுத்தபடிதான். இந்த அளவு வண்டியில் அதற்கு மேல் ஆசைப்பட்டால் பெட்டியே இருக்க முடியாது.

நான் உடனே தூங்கவில்லை. ஒரு மணிவாக்கில் ஜமக்காளம் சரசரத்தது. அப்பா வலப்பக்கம் புரண்டார். சற்று நேரம் கழித்து இடப்பக்கம். அப்புறம் மறுபடி வலப்பக்கம், அநாவசியமாக. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை, ஆனால் என்னைச் சீண்டத்தான் என்று தெரிந்தது.

திம்பம் ஏறும்போது ஒரு 'தொம்' கூட இல்லை.

இடதுபக்க இழுப்பறைதான் ஈரம் பிடித்தால் இறுகுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு காலைப் பம்பரில் ஊன்றிக்கொண்டு இழுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் இழைத்தால் சரியாகும் என்கிறார் தச்சர். இழைத்தால் கோடையில் ஆடும் என்கிறேன் நான். இப்போதைக்குக் காபிப் பொடியை வலதுபக்கத்துக்கு மாற்றிவிட்டு, கையுறைப் பெட்டியில் ஒரு மெழுகுவத்தி வைத்திருக்கிறேன்.